மருத்துவக் கதிர்ச்சமதானிகளை உற்பத்தி செய்யும் மாற்று வழிகளைக் கிழக்கு மாகாணத்தின் தூரத்தையும் கருத்திற்கொண்டு ஆராயக் கோரும் மனு

செயலாளர்,
சுகாதார அமைச்சு,
கொழும்பு 10.

ஐயா / அம்மணி,

திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியராகிய நான், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் என் மனைவியின் பொருட்டும், இம்மாவட்டத்தில் அவரைப் போன்ற நிலையில் உள்ளோர் பொருட்டும் இம்மனுவைத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கின்றேன்.

எலும்பு ஸ்கேன் எடுக்கவேண்டுமென வைத்தியர் பணித்ததால் நாங்கள் இரவு பஸ்ஸில் கொழும்பு சென்றோம். ஸ்கேனுக்கு ஏற்றும் கதிரியக்க மருந்தைத் தரும் சாதனமான, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய ஜெனரேற்றர் வந்து சேரவில்லை என்று கூறி, மூன்று கிழமை கழித்து வேறு திகதி தந்தார்கள். ஊழியர்மீது குறைகூற இதை எழுதவில்லை. இல்லாத மருந்தை அவர்கள் எப்படி ஏற்றுவது?

அந்த ஸ்கேனுக்கு ஏற்றப்படும் தெக்னீசியம்-99எம் என்னும் கதிர்ச்சமதானியின் (கதிர்வீச்சை வெளியிட்டுச் சிதையும் அணுவகையின்) அரைவாழ்வுக்காலம், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 6 மணித்தியாலம் மட்டுமே என்பதால் அதைக் களஞ்சியப்படுத்த இயலாது. ஜெனரேற்றரினுள் இருக்கும் அதன் தாய்ச் சமதானியான, சிதைந்து அதைத் தரும் மொலிப்டினம்-99 இன் அரைவாழ்வுக்காலமும் 66 மணித்தியாலமே. விமானம் ஒரு நாள் பிந்தினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே அழிந்துவிடும். உலகில் இது பெரும்பாலும் ஒரு சில பழைய அணு உலைகளில் யுரேனியத்தைப் பிளந்தே பெறப்படுகிறது. 2009 மே மாதம் கனடாவின் சோக் ரிவர் உலை கசிவினால் நிறுத்தப்பட்டு, அது மீளுமுன்னரே 2010 இல் நெதர்லாந்தின் பெற்றன் உலையும் திருத்தத்துக்காக மூடப்பட்டபோது, பல நாடுகளில் பரிசோதனைகள் ஒத்திவைக்கப்பட்டன. சோக் ரிவர் உலை 2018 இல் நிரந்தரமாகவே மூடப்பட்டுவிட்டது.

யுரேனியமின்றியும் இதைப் பெறலாம். மொலிப்டினம்-98 நியூத்திரனை உறிஞ்சுமாறு செய்து பெற்ற மொலிப்டினம்-99 ஐப் பயன்படுத்தும் ஜெனரேற்றருக்கு அமெரிக்கா 2018 பெப்ரவரியில் அனுமதியளித்தது. எனினும் அதற்கும் உலை வேண்டும். கனடாவின் வன்கூவரில் உள்ள ஆய்வாளர்கள், துணிக்கைகளை வட்டப்பாதையில் வேகப்படுத்தும் பொறியான சைக்கிளோத்திரனில் மொலிப்டினம்-100 ஐப் புரோத்தன்களால் தாக்கி, தெக்னீசியத்தையே நேரடியாகப் பெறலாம் எனக் காட்டினார்கள். இதற்கு உலை வேண்டியதில்லை. ஆனால் கொழும்பில் அவ்வாறு உற்பத்தி செய்வதை ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ள எங்களிடம் ஆறு மணித்தியாலத்தில் கொண்டுவந்தாலும் பாதியே எஞ்சும். வேறுவகை ஸ்கேனுக்குப் பயன்படும், 110 நிமிட அரைவாழ்வுக்காலமுடைய புளோரின்-18 ஆயின் பத்தில் ஒரு பங்கே எஞ்சும். தலைநகருக்குப் பொருந்துவது எங்களுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக்கூடாது. மாறாக, துணிக்கைகளை நேர்கோட்டில் வேகப்படுத்தும் பொறியான நேர்கோட்டு ஆர்முடுக்கியில் இலத்திரன்களால் உண்டாக்கப்படும் எக்ஸ் கதிர்கள் மொலிப்டினம்-100 இலிருந்து ஒரு நியூத்திரனை வெளியேற்றும்போது கிடைப்பது தாய்ச் சமதானியான மொலிப்டினம்-99 ஆகும். அது சாலைப் பயணத்தைத் தாங்கும் என்பதால் தூர மாவட்டங்களுக்கு இதுவே உகந்தது என்பது என் கருத்து.

ஆகவே, ஜெனரேற்றர் கொள்வனவில் ஒரே உலையைச் சார்ந்திராத குறைந்தது இரு வழங்குநர்களுடன் ஒப்பந்தம் செய்யுமாறும், இத்துறையில் எந்த முதலீட்டை ஆராயும்போதும் ஆர்முடுக்கி வழியையும் சேர்த்து மதிப்பிடுமாறும், அம்மதிப்பீட்டில் திருகோணமலைக்கான பயண நேரத்தைக் கணக்கிற்கொள்ளுமாறும், எமது மாவட்டத்தில் இத்தகைய ஸ்கேன் எடுக்கும் கருவியான காமா கமரா வசதி ஏற்படுத்துவது பற்றிய அமைச்சின் நிலைப்பாட்டைத் தெரிவிக்குமாறும் தயவாக வேண்டுகின்றேன். தங்கள் பதிலைத் தமிழில் அனுப்பி உதவுவீர்களாயின், என் மனைவியும் அதை வாசித்துக்கொள்வார்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்,
உவர்மலை, திருகோணமலை.