நிலா தேயறதுக்குக் காரணம் பூமியோட நிழல் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை சிறுவர் பக்கத்துல நிலா ஏன் வளருது ஏன் தேயுதுன்னு ஒரு கேள்வி பதில் வந்திருந்துச்சு. பூமியோட நிழல் நிலா மேல கொஞ்சம் கொஞ்சமா விழுது, முழுசா மூடிட்டா அமாவாசை, விலகிட்டா பௌர்ணமின்னு பதில் போட்டிருந்தீங்க. அது தப்பு சார். அது சந்திர கிரகணத்துக்கு உண்டான பதில், தினம் தினம் பிறை மாறுறதுக்கு உண்டான பதில் இல்ல.

நான் சாயங்காலத்துல எங்க வீட்டு மொட்டை மாடில ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். அதுல ஒரு பொண்ணு அந்தப் பக்கத்தை கிழிச்சு எடுத்துட்டு வந்து, மிஸ் நீங்க ஒண்ணு சொன்னீங்க பேப்பர்ல வேற போட்டிருக்கே, எது சரின்னு கேட்டா. அச்சுல வந்தா அது சரியாத்தான் இருக்கும்னு பிள்ளைங்க மட்டும் இல்ல பெரியவங்களும் நம்புறாங்க, அதனாலதான் ராத்திரி உக்காந்து இவ்வளவு நீளமா எழுதுறேன்.

அவகிட்ட நான் பதில் சொல்லல. அடுத்த வளர்பிறை அஷ்டமி அன்னிக்கு பார்த்துக்கலாம்னு சொன்னேன். அன்னிக்கு 4 மணிக்கு எல்லாரையும் மாடிக்கு வரச்சொல்லி ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை ஈர்க்குச்சில குத்திக் குடுத்தேன். சூரியன் மேற்க இறங்கிட்டு இருக்கு, அரை நிலா கிழக்குப் பக்கம் இருந்து மேல ஏறி வந்துட்டு இருக்கு, ரெண்டும் ஒரே நேரத்துல வானத்துல தெரியுது. முதல்ல இதுக்கே பாதிப் பிள்ளைங்க ஆச்சரியப்பட்டாங்க, ஏன்னா பகல்ல நிலா தெரியும்னே அவங்க கவனிச்சதில்ல, பொம்மைப் புத்தகத்துல எல்லாம் சூரியன் பகலுக்கு நிலா ராத்திரிக்குன்னுதானே இருக்கு. உங்க நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு கேட்டேன். கிழக்கால, தரையில விழுது. அப்ப பூமியோட நிழலும் அதே மாதிரி சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம்தானே போகணும், அதாவது கிழக்கு அடிவானத்துக்கும் கீழ, நிலா இருக்கிறதோ நம்ம தலைக்கு மேல, அப்புறம் எப்படி அந்த நிழல் நிலாவை மறைக்கும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல, அப்புறம் அந்தப் பொண்ணே, அப்ப நிழல் இல்ல மிஸ்னு சொல்லிட்டா.

அதுக்கப்புறம்தான் எலுமிச்சம்பழம். கையை நீட்டி பழத்தை நிலாவுக்குப் பக்கத்துல தெரியுற மாதிரி தூக்கிப் பிடிக்கணும், பழத்து மேல வெயில் படணும், அவ்வளவுதான். நிலாவுல எந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சமோ அதே பக்கம் அதே அளவு பழத்துலயும் வெளிச்சமா தெரியும், மிச்சம் நிழலா இருக்கும். பழத்து மேல பூமியோட நிழலா விழுது? இல்லையே. பழத்துல ஒரு பாதி வெயில்ல இருக்கு, இன்னொரு பாதி வெயில் படாம இருக்கு, நாம பக்கவாட்டுல இருந்து பார்க்கிறோம். நிலாவும் அப்படித்தான், எப்பவும் அதுல பாதி வெளிச்சமாத்தான் இருக்கு, அந்த வெளிச்சப் பாதியில எவ்வளவு நம்ம பக்கம் திரும்பியிருக்குங்கிறதுதான் பிறை. அமாவாசை அன்னிக்கும் நிலா இருட்டிப் போறதில்ல, அன்னிக்கு சூரியன் இருக்கிற திசையிலயே நிலாவும் இருக்கு, வெயில் அதோட அந்தப் பக்கத்துல அடிக்குது, நமக்குத் தெரியாது. வெள்ளைப் பந்து கிடைச்சா இன்னும் தெளிவாத் தெரியும், ஆனா எலுமிச்சம்பழம் எல்லார் வீட்லயும் இருக்கு.

இந்தத் தப்பு ஏன் இவ்வளவு பரவியிருக்குன்னு நான் யோசிச்சுப் பார்த்திருக்கேன், படங்கள்தான் காரணம்னு எனக்குப் படுது. புத்தகத்துல பூமியையும் நிலாவையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சிருப்பாங்க, அதைப் பார்த்தா பூமியோட நிழல் எப்பவும் நிலா மேல இடிச்சுக்கிட்டே இருக்கும்னுதான் தோணும். உண்மையில நிலா சராசரியா 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, நடுவுல 30 பூமியை வரிசையா அடுக்கலாம். பூமி ஒரு ஃபுட்பால்னா நிலா கிட்டத்தட்ட டென்னிஸ் பால் அளவு, அதை ஏழு மீட்டர் தள்ளி வைக்கணும், எங்க மாடியோட இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி. ஒரு தடவை அப்படி வெச்சுக் காட்டினா பிள்ளைங்க மனசுல அந்தப் பழைய படம் அழிஞ்சிடும்.

அப்புறம் ஒரு பையன் கேட்டான், பௌர்ணமி அன்னிக்கு நாம நடுவுல, சூரியன் ஒரு பக்கம் நிலா ஒரு பக்கம்னா அன்னிக்கு நிழல் விழுந்து மாசா மாசம் கிரகணம் வரணுமேன்னு. எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா கேக்க வேண்டிய கேள்வியே அதுதான். நிலா சுத்துற பாதை பூமி சூரியனைச் சுத்துற தளத்துல இருந்து சுமார் 5 டிகிரி சாய்ஞ்சு இருக்கு. கையை நீட்டி நடு மூணு விரலைச் சேர்த்துப் பிடிச்சா அந்த அகலம் ஏறக்குறைய 5 டிகிரி, நிலாவோட அகலமோ அரை டிகிரிதான், சுண்டு விரல் நகத்துக்குப் பின்னால மொத்த நிலாவும் ஒளிஞ்சிடும். அதனால பெரும்பாலான பௌர்ணமில நிலா நிழலுக்கு மேலயோ கீழயோ தப்பிச்சுப் போயிடுது, எப்பவாவதுதான் நேரா மாட்டுது. 2025 செப்டம்பர் 7 ராத்திரி மாட்டுச்சு, மேகம் இல்லாத ஊர்ல எல்லாம் 11 மணியில இருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல செம்புக் கலர்ல தெரிஞ்சுதே, அதுதான் பூமியோட நிழல். கிரகணம்னா நிழல்தான்னு ஆரியபட்டர் 499ஆம் ஆண்டு வாக்குலயே எழுதி வெச்சிட்டார், நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லங்கிறதும் அவருக்குத் தெரியும். இவ்வளவு காலத்துக்குப் பிறகு நாம பிள்ளைங்களுக்கு இதைக் குழப்பிச் சொல்லலாமா சார்.

இன்னொண்ணும் சொல்லணும். நிலாவைப் பத்தி சொல்லிக்குடுக்க நம்ம ஊர்ல இருக்கிற வசதி மத்த இடத்துல எவ்வளவு இருக்குன்னு தெரியல, நம்ம அடுக்களைச் சுவத்துல தொங்குற தினசரி காலண்டர்லயே எல்லாம் இருக்கு. திதின்னு போட்டிருக்கே, அது வேற ஒண்ணும் இல்ல, சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவுல இருக்கிற கோணம், 12 டிகிரி கூடினா ஒரு திதி, 30 திதி சேர்ந்தா 360 டிகிரி, ஒரு முழுச் சுத்து. அஷ்டமின்னா 84ல இருந்து 96 டிகிரி, நடுவுல 90 வருது, அதான் அஷ்டமி அன்னிக்கு அரை நிலா. நல்லது கெட்டது பார்க்க மட்டும்தான் திதின்னு நினைச்சிட்டிருந்த பிள்ளைங்க இதைக் கேட்டதும் காலண்டர் தாளைக் கிழிக்காம எடுத்துட்டு வர ஆரம்பிச்சிட்டாங்க.

பௌர்ணமின்னா நிலா சூரியனுக்கு எதிர்ல இருக்குங்கிறதுக்கு கன்னியாகுமரில சித்ரா பௌர்ணமி அன்னிக்கு கூடுற கூட்டமே சாட்சி, ஒரு பக்கம் சூரியன் மறையும் மறுபக்கம் நிலா எழும்பும். திருவண்ணாமலை கிரிவலத்துல விடிய விடிய நிலா வெளிச்சம் கிடைக்கிறதும் அதனாலதான். ரம்ஜான் பிறையை சூரியன் அடைஞ்ச கையோட மேற்குப் பக்கம் தேடுறாங்களே, ஏன் நடு ராத்திரி தேடலன்னு கேட்டா பிள்ளைங்களே பதில் சொல்லிடுவாங்க, புதுப்பிறை சூரியனுக்குப் பக்கத்துலயே இருக்கு, அது பின்னாலயே போய் மறைஞ்சிடும்.

உங்க பக்கத்துல போட்ட படத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. நட்டுக்க நிக்கிற பிறையை வரைஞ்சிருந்தீங்க, பிறைக்கு உள்ள ஒரு நட்சத்திரம் வேற. பிறைக்கு உள்ள இருட்டா இருக்கிறதும் நிலாதான் சார், அதுக்குள்ள நட்சத்திரம் எப்படித் தெரியும். மூணாம் பிறை அன்னிக்கு நல்லா உத்துப் பார்த்தா அந்த இருட்டுப் பகுதியும் சாம்பல் கலர்ல மங்கலாத் தெரியும், அது பூமி மேல பட்ட வெயில் நிலாவுக்குப் போய்த் திரும்பி வர்ற வெளிச்சம். அப்புறம் நாம நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கோம், இங்க சூரியனும் பிறையும் கிட்டத்தட்ட செங்குத்தா கீழ இறங்குது, அதனால மாசி பங்குனில மேற்க பார்த்தீங்கன்னா பிறை தோணி மாதிரி மல்லாந்து இருக்கும். நிக்கிற பிறை ஐரோப்பாக்காரங்க அவங்க வானத்தைப் பார்த்து வரைஞ்சது. நம்ம பிள்ளைங்க நம்ம வானத்துல பார்க்கிற பிறையை வரையச் சொல்லுங்க.

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6 மணி 4 நிமிஷத்துக்கு சந்திரயான் 3 இறங்குச்சே, அப்ப நாங்க டிவி பார்த்துட்டு மாடிக்கு ஓடினோம், தெற்குப் பக்கமா நல்ல உயரத்துல அரை நிலாவுக்குக் கொஞ்சம் குறைவா நின்னுச்சு. இறங்கின இடத்துல அப்பதான் காலை வெயில் வந்திருந்துச்சு, நிலாவுல ஒரு பகல் நமக்கு 14 நாள், வெயில் போறதுக்குள்ள வேலையை முடிச்சு செப்டம்பர் 4ஆம் தேதி விக்ரம்ங்கிற அந்த லேண்டரை உறங்க வெச்சாங்க. இதை விட நல்ல பாடம் கிடைக்குமா, எல்லாரும் பார்த்த விஷயம், பிறையையும் சேர்த்துச் சொல்லியிருந்தா எத்தனை பிள்ளைங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

அதனால நான் கேக்கிறது, ஒரு மூலையில சின்னதா திருத்தம்னு போட்டு முடிச்சிடாதீங்க. அதே அளவு இடம் குடுத்து, அடுத்த வளர்பிறை அஷ்டமி தேதியைப் போட்டு, அன்னிக்கு சாயங்காலம் எலுமிச்சம்பழத்தோட மாடிக்குப் போங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. கூடவே 30 கட்டம் போட்டு தினம் பார்த்த நிலாவை வரைஞ்சு அனுப்பச் சொல்லலாம், மேகம் வந்தா மேகம்னு எழுதட்டும்.

எங்க மாடில கடைசியா வந்த கேள்வி, நிலாவுல நின்னு பார்த்தா பூமிக்கும் பிறை உண்டா, நமக்கு அமாவாசை அன்னிக்கு அங்க பூமி எப்படித் தெரியும்ங்கிறது. இன்னும் பழத்தை வெச்சுக்கிட்டு சண்டை போட்டுட்டு இருக்காங்க. அந்தக் கேள்வியையும் உங்க பக்கத்துல போடுங்க சார், பதிலை மட்டும் ஒரு வாரம் கழிச்சுப் போடுங்க.

இப்படிக்கு,
உங்க பத்திரிகையை ரொம்ப வருஷமா படிக்கிற ஒரு டியூஷன் டீச்சர்