திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு லைன் சூப்பர்வைசர் எழுதும் மடல்

வணக்கமுங்க.

இந்த ஊருக்கு வந்து 16 வருஷம் ஆகிறது. பிசிர் வெட்டும் ஹெல்பராகச் சேர்ந்து, செக்கிங் பார்த்து, ஓவர்லாக் மெஷினில் தைக்கப் பழகி, இப்போது வரிசையாக உட்கார்ந்து தைக்கும் ஒரு லைனுக்குச் சூப்பர்வைசர். கம்பெனிப் பெயர் வேண்டாம். எந்தக் காம்பவுண்டுக்குள் போனாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

நான் சூப்பர்வைசர் ஆனது ஒரு திங்கட்கிழமை. பழையவர் வேலைக்கு வரவில்லை. மேனேஜர் வந்து, "நீ நல்லா தைக்கிற, இனி லைனைப் பார்த்துக்கோ" என்றார். அவ்வளவுதான் பயிற்சி. அதே வருஷம் பிளாட்லாக் என்ற புதுத் தையல் மெஷின் வந்தபோது, விற்றவர்களே ஆள் அனுப்பி இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார்கள். 40 பேரை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று எனக்கு யாரும் அரை நாள்கூடச் சொல்லித்தரவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் கத்துவார். நானும் கத்தினேன்.

அந்தக் கத்தலுக்கு என்ன விலை என்று ஒரு தடவை நேரிலேயே பார்த்தேன்.

குழந்தைகள் துணி ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்தி, துண்டுகளைப் பொறுக்கி, நோட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி; துண்டு துணிக்குள் தங்கிவிடக் கூடாது. உங்களுக்குத் தெரியாததல்ல. ஒடிசாவிலிருந்து வந்து மூன்றே வாரம் ஆன ஒரு பெண்ணுக்குக் காலையில் ஊசி உடைந்தது. டார்கெட் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்த எரிச்சலில், எல்லார் முன்னாலும் அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். தமிழ் புரிந்திருக்காது, என் முகம் புரிந்திருக்கும். மதியம் மறுபடி உடைந்தது. இந்த முறை அவள் வாயே திறக்கவில்லை. மெஷின் டிராயரில் கிடந்த பழைய ஊசியை மாட்டிக்கொண்டு தைத்தாள்.

மறுநாள் பேக்கிங்கில், துணிக்குள் ஊசித் துண்டு இருந்தால் காட்டிக்கொடுக்கும் டிடெக்டர் கத்தியது. அந்த லாட் முழுவதையும் ஒவ்வொரு பீஸாக மறுபடி ஓட்டினோம். விடிந்துவிட்டது. தையலைப் பிரித்து எடுத்த துண்டு, என் உள்ளங்கையில் எள்ளைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. திட்டு முழுக்க அவளுக்கு. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சம்பளம் வாங்கிய மறுநாள் அவள் நின்றுவிட்டாள். 'டைலர்கள் தேவை' போர்டு நம் கேட்டுகளில் வருஷம் முழுக்கத் தொங்குகிறதே, அதை எழுதவைப்பதில் என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு. அவளை லைனில் எல்லாரும் "இந்திக்காரி" என்றுதான் கூப்பிட்டோம். அவள் பேசியது ஒடியா என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஆளுக்குப் பயிற்சி கொடுப்பது வீண் செலவு என்று நினைக்கிறீர்கள். பெங்களூரில் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் தொழிற்சாலைகளில் தைக்கும் பெண்களுக்குப் பேசும் விதம், நேரத்தைப் பங்கிடுவது, சிக்கல் வந்தால் தீர்ப்பது என்று பல மாதம் சொல்லிக்கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் ஆள் எடுத்து, பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கும் பார்த்தார்கள். உற்பத்தி கூடியது, போட்ட காசுக்கு மேலேயே திரும்பி வந்தது. வங்கதேசத்தில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி.யும் சேர்ந்து, தைக்கும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து சூப்பர்வைசர் ஆக்கியிருக்கின்றன.

இங்கே? என் லைனில் 40 பேரில் 30 பேர் பெண்கள். மாடியில் எட்டு லைன். பெண் சூப்பர்வைசர் நான் ஒருத்திதான். என்னைவிட நன்றாக லைனைப் பார்க்கக்கூடிய ஒருத்தி இருக்கிறாள். கேட்டால், ஷிப்மென்ட் அன்று நேரமானால் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு இருப்பேன் என்கிறாள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பது சட்டம். எங்களிடமும் அந்த அறை இருக்கிறது, ஆடிட்டுக்கு ஆள் வந்து பார்க்கும் அன்று திறப்பார்கள். பொம்மைகள் இன்னும் பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே இருக்கின்றன.

பாலியல் தொல்லைப் புகார்க் குழுவும் அப்படித்தான். பத்துப் பேர் வேலை செய்தாலே குழு வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் போர்டில் உள்ள பெயர்களில் ஒருவர் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. போர்டு தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கிறது. லைனில் பாதிப் பேருக்கு இரண்டும் படிக்கத் தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. சூப்பர்வைசர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து லைன் நிரம்ப எப்படியும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பாதி மெஷின் உறை போட்டுக் கிடக்கும் அந்த நாட்களில் நாங்கள் டீ குடித்துக்கொண்டு சும்மாதான் இருக்கிறோம். இந்த வருஷம் அதில் மூன்று நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடியாவும் இந்தியும் தெரிந்த ஒருவரையும் வரச்சொல்லுங்கள். முதல் பெஞ்சில் நான் உட்காருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் லைன் சூப்பர்வைசர்