முதல் சீசன் முடிஞ்சுது மாப்ள

மாப்ள,

எப்படி இருக்க, தங்கச்சி, பசங்க எல்லாம் சௌக்கியமா. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு ஒல்லி சொன்னான், சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்லு. இங்க எல்லாரும் நல்லாருக்கோம்.

சைக்கிள் ரேஸ்ல இறங்கினேன்ல, முதல் சீசன் முடிஞ்சுடுச்சுடா. கப்பு ஒண்ணும் வரல, ஆனா மனசு பூரா அதுலயே கெடக்கு. மஞ்சக்குப்பத்துல வாடகை சைக்கிள் எடுத்து கெடிலம் பாலம் வரைக்கும் மிதிப்போமே, அப்ப கால்ல தெம்பு இருக்கறவன் ஜெயிப்பான் (நீ சங்கிலி கழண்டுச்சுன்னு சொல்லி ஏமாத்தினது தனிக் கதை). இங்க காத்துதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. மார்கழியில காலாப்பட்டு தாண்டி வடக்கால போனா வாடைக்காத்து நேரா மூஞ்சில அடிக்குது, மரக்காணம் உப்பளம் பக்கம் மறைக்க ஒரு மரம் கெடையாது. 30 கிலோமீட்டர் வேகத்துல போறவன் 40க்கு ஏறணும்னா காத்தைத் தள்ளவே ரெண்டு மடங்குக்கு மேல சக்தி வேணும், வேகம் ஏற ஏற அது அப்படித்தான் எகிறும். அதனால ஒருத்தன் முதுகுல ஒருத்தன் ஒட்டிக்கிட்டே ஓட்டணும், முன்னாடி போறவன் காத்தைத் தாங்கிக்குவான், டிராஃப்டிங்னு பேரு. முன்னாடி டயருக்கும் நம்ம டயருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. டயரையே பாக்கக் கூடாது, அவன் இடுப்பைப் பாக்கணும். குழி வந்தா கையைக் கீழ நீட்டி காட்டுவான், முழங்கையை ஆட்டினா இப்ப நீ முன்னாடி வான்னு அர்த்தம். பேரே தெரியாத ஆளுடா, அவன் கையை நம்பி நான் போறேன், என் கையை நம்பி பின்னாடி இருபது பேரு வர்றான். அந்த நம்பிக்கை கெடைக்கும்போது வர்ற சந்தோஷத்தை எப்படிச் சொல்றதுன்னே தெரியல.

1989 டூர் டி பிரான்ஸ்ல லெமாண்ட் வெறும் 8 வினாடியில ஃபினோனை ஜெயிச்சாரு தெரியுமா? மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல ஓட்டின ரேஸ், கடைசி நாள் 50 வினாடி பின்தங்கி கெளம்பினவரு, காத்தைக் கிழிக்கிற மாதிரி ஹேண்டில்பாரும் ஹெல்மெட்டும் போட்டு வந்தாரு. ஃபினோன் ஹெல்மெட்டே இல்லாம குடுமியோட ஓட்டினாரு.

ஆனா இதை எழுத உக்காந்தது வேற ஒண்ணுக்கு. கடைசி ரேஸ்ல எனக்கு ரெண்டு ஆள் முன்னாடி ஒரு சின்னப் பையன், காலேஜ் முதல் வருஷம் இருக்கும், முன்னாடி வீல்ல உரசி விழுந்துட்டான். ஹெல்மெட் நடுவுல வெடிச்சிருந்துச்சு. காலர் எலும்புதான் முறிஞ்சுது, தலைக்கு ஒண்ணும் ஆகல. நானே அவனைப் புடிச்சு ஓரமா உக்கார வச்சேன், சரளைக்கல்லு முழங்கையில ஒட்டியிருக்கு, அவன் என்னடான்னா அண்ணா சைக்கிள் என்னாச்சு பாருங்கன்னு கேக்கறான். புதுசா வர்ற பசங்களுக்கு கூட்டத்துல ஓட்டறது எப்படின்னு ஒரு நாளாச்சும் சொல்லிக்குடுக்காம நம்பரைக் குத்தி அனுப்பறது பெரிய தப்புடா, எனக்கு இன்னும் கோவம் ஆறல.

இப்ப நம்ம பெரியவன் நானும் வரேன்னு நிக்கிறான். பதினாலு வயசு. அவன் அம்மாவுக்கு இந்த விழுந்த சமாச்சாரம் தெரியாது. நான் முடிவு பண்ணது, ஒரு வருஷம் விடிகாலையில பாகூர் பக்கம் என் பின்னாடியே ஓட்டட்டும், கைசைகை எல்லாம் பழகட்டும், அப்புறம் ரேஸ். சரியா வருமா? வழக்கம் போல உன் இஷ்டம்னு சொல்லாம ஒழுங்கா பதில் போடு. ஒல்லிகிட்ட மட்டும் மூச்சு விடாத, நேரா அவகிட்ட போய் ஒளறிடுவான்.