அடுத்த வாசலில் ஒரு பல்கலைக்கழகம்: தில்லித் தமிழ் அமைப்புகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் தென் தில்லியில் ஒரு பள்ளிக்கூட அரங்கில், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நடந்த உயர்கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் கலந்துகொண்டேன். இரண்டு மணி நேரம் நடந்த அந்தக் கூட்டத்தில் சென்னை, கோவைப் பக்கத்துத் தனியார் பொறியியல் கல்லூரிகளின் கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு எல்லாம் விரிவாகப் பேசப்பட்டன. அங்கிருந்து பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் நானே எழுந்து சொன்னபோது, முன்வரிசையில் இருந்த ஒரு தந்தை திரும்பிப் பார்த்து, "அங்கே படிப்பு நடக்கிறதாம்மா?" என்று கேட்டார்.

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. மகளைப் பற்றிய கவலையோடு, தொலைக்காட்சியில் பார்த்ததை வைத்துக்கொண்டு கேட்டார். நின்ற நிலையில் ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஒருவரின் மகளாக ஆர்.கே.புரம் குடியிருப்பில் வளர்ந்து, அந்தப் பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆண்டுகள் படித்தவள் என்ற உரிமை ஒன்றுதான் எனக்கு இருக்கிறது.

முதலில் அது எத்தகைய நிறுவனம் என்பதைச் சொல்ல வேண்டும். 1966இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியாக 1969இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் அது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. பார்த்தசாரதி நம்மவர், நேருவின் அமைச்சரவையில் இருந்த கோபாலசாமி அய்யங்காரின் மகன், இதழியலிலிருந்து வெளியுறவுத் துறைக்குப் போய்ச் சீனாவிலும் பாகிஸ்தானிலும் இந்தியத் தூதராக இருந்தவர். இன்ன துறைகள் வேண்டும், இப்படிப்பட்ட ஆசிரியர்கள் வேண்டும் என்று தொடக்க ஆண்டுகளில் தீர்மானித்தவர்களுள் முதன்மையானவர் அவர். ஆரவல்லிக் குன்றின் மேல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் விரிந்திருக்கும் வளாகத்தில், மாலை நேரத்தில் மாணவர்கள் ஏறி உட்காரும் பெரும்பாறைகளுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நீலான் என்னும் பெரிய மான்களும் மயில்களும் நடமாடும் அந்தக் காட்டுக்கு நடுவில் ஒரு தமிழரின் பெயர் அன்றாடம் புழங்குகிறது என்பதை, நாற்பது ஆண்டுகளாக இந்நகரில் குடியிருக்கும் நம்மவர்களிடம் சொன்னால்கூட வியப்போடுதான் கேட்கிறார்கள்.

அளவில் அது நடுத்தரமானது. தில்லிப் பல்கலைக்கழகத்தைப் போலத் தொண்ணூறு கல்லூரிகளையும் இலட்சக்கணக்கான மாணவர்களையும் கொண்டதன்று. மாணவர் எண்ணிக்கை எட்டாயிரம், ஒன்பதாயிரம் என்ற அளவிலேயே இருந்து வருகிறது. அவர்களிலும் பெரும்பகுதியினர் முதுகலை மாணவர்களும் ஆய்வாளர்களுமே. நாம் பழகிய கல்லூரி முறை அங்கே இல்லை. 'ஸ்கூல்' என்று அங்கே அழைக்கப்படும் புலங்களும், அவற்றுக்குள் மையங்களும் இருக்கின்றன. சமூக அறிவியல், பன்னாட்டு ஆய்வு, மொழிகள், உயிர் அறிவியல், சுற்றுச்சூழல் அறிவியல், கணினியியல், இயற்பியல் அறிவியல்கள், உயிரித் தொழில்நுட்பம், கலையும் அழகியலும் என்று விரிந்து, 2018 முதல் பொறியியலும் மேலாண்மையும் சேர்ந்திருக்கின்றன. புனேக்கு அருகே கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாதமியில் பயிற்சி முடிக்கும் வருங்கால இராணுவ அதிகாரிகள் பெறும் பட்டம் இந்தப் பல்கலைக்கழகம் வழங்குவது என்று சொன்னால், அந்தத் தந்தைக்குச் சற்று நம்பிக்கை வந்திருக்கும். மத்திய அரசின் தரவரிசையில் பல்கலைக்கழகங்களுக்குள் பல ஆண்டுகளாக இரண்டாம் இடத்தில் இருப்பதையும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு கல்வி நிலையத்தை அறிவதற்குத் தரவரிசை சிறந்த வழி என்று நான் நினைக்கவில்லை.

அங்கே யார் யார் பாடம் நடத்தினார்கள் என்று பார்ப்பது நல்ல வழி. வரலாற்று மையத்தில் சர்வபள்ளி கோபாலும் ரொமிலா தாப்பரும் பிபன் சந்திராவும் இருந்தார்கள். தென்னிந்தியாவின் பழைய நகரங்களையும் வணிகத்தையும் கோயில்களையும் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஆர். சம்பகலட்சுமி அங்கே பேராசிரியராக இருந்தார். சங்க காலத்திலிருந்து சோழர் காலம் வரை தமிழகத்தில் ஊர்கள் நகரங்களாக மாறியது எப்படி என்பதை, வட இந்தியாவின் மூலைமுடுக்குகளிலிருந்து வந்த மாணவர்கள் அவரிடம் உட்கார்ந்து கற்றார்கள். திராவிட இயக்கத்தையும் தமிழ் அரசியலையும் பற்றி ஆழ்ந்து எழுதிய எம்.எஸ்.எஸ். பாண்டியன் 2014இல் மறையும்போது அதே மையத்தில்தான் பணியாற்றிக்கொண்டிருந்தார். இந்திய மொழிகள் மையத்தில் கி. நாச்சிமுத்து போன்ற அறிஞர்கள் தமிழ் கற்பித்தார்கள். தமிழ் இலக்கியத்துக்கு அங்கே தனித் துறை அமைவதற்குத் தமிழ்நாடு அரசும் நிதி அளித்திருக்கிறது. 2022இல் அதன் முதல் பெண் துணைவேந்தராகப் பொறுப்பேற்ற சாந்திஸ்ரீ துளிப்புடி பண்டிட், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். படித்துச் சென்றவர்களில் நம் வீடுகளில் அடிக்கடி பேசப்படுகிறவர்கள் நிர்மலா சீதாராமனும் எஸ். ஜெய்சங்கரும், 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி 1983இல் முதுகலை முடித்ததும் அங்கேதான். மார்க்சிஸ்ட் கட்சித் தலைவராக இருந்த சீதாராம் யெச்சூரியும் அதே பல்கலைக்கழகத்து மாணவர்தாம். நேரெதிர் அரசியல் நம்பிக்கைகள் கொண்டவர்களை ஒரே இடம் உருவாக்கியிருப்பதை அதன் வலிமையாகவே நான் கருதுகிறேன்.

பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இதைத்தான் வழிகாட்டல் கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் அங்கே சேருவதற்கான வழிகள் குறைவு. அவற்றில் பழமையானதும் சிறந்ததும் அயல்மொழி இளங்கலைப் படிப்பு. ஜப்பானியம், கொரியம், சீனம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம், ரஷ்யன், அரபு, பாரசீகம் போன்ற மொழிகளில் ஒன்றை அகரத்திலிருந்து தொடங்கிக் கற்பிக்கிறார்கள். முன்பின் ஓர் எழுத்துகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1991இல் நான் ஜப்பானிய மொழியில் சேர்ந்தபோது, என் தந்தை பல நாட்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. வணிகவியல் படித்து வங்கித் தேர்வு எழுத வேண்டிய பெண், சித்திரம் போன்ற எழுத்துகளை வரைந்துகொண்டிருக்கிறாளே என்பது அவர் வருத்தம். ஆனால் முதல் மாதத்திலேயே நான் கண்ட ஓர் உண்மை எனக்குப் பெரும் துணையாக இருந்தது. ஜப்பானிய மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நம் வேற்றுமை உருபுகளைப் போன்ற இடைச்சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன. வினையெச்சங்களைக் கோத்து எவ்வளவு நீளமான வாக்கியத்தையும் கட்டலாம். ஆங்கிலத்தின் வழியாகவே அதைக் கற்க முயன்ற தோழிகள் திணறியபோது, நான் மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்த்துச் சுலபமாக வாக்கியம் அமைத்தேன். இரு மொழிகளுக்கும் உறவு உண்டா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை; தமிழ் பேசும் பிள்ளைக்கு அந்த வகுப்பில் கூடுதலாக ஒரு சாவி கையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அந்தச் சாவிதான் முப்பது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளராக எனக்குச் சோறு போடுகிறது. என் தந்தையும் பிற்காலத்தில் ஆர்.கே.புரம் முருகன் கோயிலான மலை மந்திருக்கு வரும் நண்பர்களிடம் என் வேலையைப் பற்றி நெடுநேரம் விளக்கிக்கொண்டிருப்பார்.

செலவு பற்றியும் சொல்கிறேன். இளங்கலைக்கும் முதுகலைக்கும் ஆண்டுக் கல்விக் கட்டணம் நெடுங்காலம் 216 ரூபாயாகவே இருந்து வந்திருக்கிறது. பொறியியல், மேலாண்மைப் படிப்புகளுக்கு இது பொருந்தாது. அவற்றின் கட்டணம் பல மடங்கு அதிகம். விடுதி அறை வாடகை மாதம் 10 ரூபாய், 20 ரூபாய் என்றிருந்ததை 2019இல் உயர்த்த முற்பட்டபோதுதான் பெரும் போராட்டம் வெடித்தது. தொலைக்காட்சியில் நாம் பார்த்த காட்சிகளில் ஒரு பகுதி அது. பத்து ரூபாய்க்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நம் வீடுகளில் பேசினோம். அங்கே படிப்பவர்களில் கணிசமானோர் மிகக் குறைந்த வருமானம் உள்ள குடும்பங்களிலிருந்து வருகிறார்கள் என்பதையும், அவர்களுக்கு உணவு விடுதிக் கட்டணமே மாதந்தோறும் பெரிய சுமை என்பதையும் நாம் நினைத்துப் பார்க்கவில்லை. மாணவர் பிறந்து வளர்ந்த மாவட்டம் எவ்வளவு பின்தங்கியது என்று கணக்கிட்டு, சேர்க்கையில் கூடுதல் புள்ளிகள் வழங்கிய முறை பல ஆண்டுகள் அங்கே இருந்தது. ஒடிசாவின் உட்பகுதியிலிருந்தும் பீகாரின் வெள்ளம் சூழும் ஊர்களிலிருந்தும் வந்தவர்களோடு நான் ஒரே மேசையில் படித்தேன் என்றால் அதற்கு அந்த முறையும் ஒரு காரணம்.

இனி அச்சங்களுக்கு வருகிறேன். அங்கே அரசியல் உண்டு. அதை மறைத்து உங்களிடம் பேசமாட்டேன். மாணவர் பேரவைத் தேர்தலை மாணவர்களே நடத்துகிறார்கள். தலைவர் பதவிக்குப் போட்டியிடுவோர் நள்ளிரவு தாண்டியும் மேடையில் விவாதிப்பார்கள், கூட்டத்திலிருந்து எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பணம் செலவழித்து ஓட்டு வாங்கும் வழக்கத்தை நான் அங்கே பார்த்ததில்லை. மாணவர் தலைவர் தேசத்துரோக வழக்கில் கைதான 2016 பிப்ரவரியிலும், 2020 ஜனவரியிலும் நடந்தவை எனக்கும் வேதனை தந்தன; அந்த ஜனவரியில் முகமூடி அணிந்தவர்கள் விடுதிகளுக்குள் புகுந்து மாணவர்களைத் தாக்கிய இரவில் நான் உறங்கவில்லை. அந்த இரண்டு மாதங்களை வைத்து ஐம்பது ஆண்டுகளை அளக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு சொல்: முதுகலை படிக்கையில் கோதாவரி விடுதியில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். இரவு பத்து மணிக்கு நூலகத்திலிருந்து தனியாக நடந்து அறைக்குத் திரும்பிய துணிவு, இந்நகரில் வேறெந்தச் சாலையிலும் எனக்கு வந்ததில்லை.

குறைகளும் உண்டு. 2017இல் ஆய்வுப் படிப்புக்கான இடங்கள் பெருமளவு குறைக்கப்பட்டன. விடுதிகளில் எல்லாருக்கும் இடம் உடனே கிடைப்பதில்லை. தில்லியில் வீடு உள்ளவர்களுக்கு முன்னுரிமை குறைவு என்பதால் நம் பிள்ளைகள் சில காலம் வீட்டிலிருந்தே போய்வர வேண்டியிருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். இந்தி தெரியாமல் நிலையத்தில் இறங்கி, வளாகத்தை ஒட்டிய முனீர்காவிலோ பேர் சராயிலோ காற்றில்லாத அறைக்கு அதிக வாடகை கொடுத்து, முதல் பருவம் முடியும்முன் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நினைக்கும் பிள்ளைகளை நான் சந்தித்திருக்கிறேன். பெரியார் என்ற பெயரில் ஒரு விடுதி இருப்பதைப் பார்த்து நெகிழ்ந்து நின்ற மாணவன் ஒருவனுக்கு, அங்குள்ள விடுதிகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர், இது கேரளத்து ஆறு, பக்கத்தில் காவிரியும் இருக்கிறது என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது. அவனுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்ட அதுவரை ஒருவரும் இல்லை.

ஆகவே தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளிடம் நான் வேண்டுவன இவை. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஒதுக்கும் அரங்கத்தில், ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்குங்கள். அங்கே இப்போது படிக்கும் தமிழ் மாணவர்களையும் ஆசிரியர்களையும் அழைத்துப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் செய்யுங்கள். இளங்கலைச் சேர்க்கை 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இந்த ஒரு செய்தி மட்டும் நம் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் ஏறினாலே பல பிள்ளைகளுக்கு வழி திறக்கும். விருந்தினர் அறைகள் வைத்திருக்கும் அமைப்புகள், சேர்க்கை நடக்கும் வாரங்களில் ஊரிலிருந்து வரும் மாணவர்களுக்கும் உடன் வரும் தாய் தந்தையருக்கும் ஓர் அறையாவது குறைந்த வாடகையில் கொடுக்க வேண்டும்.

பெற்றோரிடம் கேட்பது இதைவிடச் சிறியது. விண்ணப்பிக்க வேண்டாம் என்று முடிவெடுப்பதற்கு முன், மகளையோ மகனையோ அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை 615ஆம் எண் பேருந்தில் ஏறி அந்த வளாகத்துக்குள் போய் வாருங்கள். நூலகத்தின் ஒன்பது மாடியை அண்ணாந்து பாருங்கள். மொழிப் புலத்தின் நடைவழியில் நின்று, போகிற வருகிற மாணவர் ஒருவரிடம் என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். அன்று முன்வரிசையில் கேள்வி கேட்ட ஐயாவையும் அவர் மகளையும் அழைத்துப்போக இப்போதே காத்திருக்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
ஆர்.கே.புரத்தில் வளர்ந்த ஒரு முன்னாள் மாணவி
புது தில்லி