தேடுபொறி நடத்துவோருக்கு: எங்கள் மொழியிலேயே கேட்க விடுங்கள்

தேடுபொறி நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இணையதளங்களில் ஏறக்குறைய பாதி ஆங்கிலத்தில் இருப்பதும், தமிழில் தேடினால் எவ்வளவு கிடைக்கும் என்பதும் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. போன வாரம் எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் இரண்டு கணுக்காலும் வீங்கிவிட்டன. அம்மா முதலில் தமிழில்தான் தேடினார். கை வைத்தியக் குறிப்புகளும், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பக்கங்களும் வந்தன. மாத்திரையைப் பற்றி ஒரு வரி இல்லை. சரி, ஆங்கிலத்தில் கேட்போம் என்று, கால் பெருத்திருப்பதை 'லெக் ஃபேட்' என்று தட்டினார். தொடைக் கொழுப்பைக் குறைக்கும் உடற்பயிற்சிகள் வரிசையாக வந்து நின்றன. நீங்கள் நீட்டிய பரிந்துரைகளும் அதே வழியில்தான் போயின. படிக்க முடிந்த ஒன்றைத் தொட்டார். கேட்க வந்த கேள்வி அங்கேயே தொலைந்தது.

கணுக்கால் வீக்கம் அந்த மாத்திரையின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவருக்கு இதைக் கண்டுபிடிப்பது அரை நிமிட வேலை. அம்மாவோ பயந்துபோய், மருத்துவரைக் கேட்காமலேயே மாத்திரையை நிறுத்திவிடலாமா என்ற அளவுக்கு வந்துவிட்டார். அவர் விவரம் இல்லாதவர் அல்ல. எந்த மாத்திரை, எப்போது ஆரம்பித்தது, வீக்கம் காலையில் வற்றி மாலையில் கூடுகிறது என்பது வரை கவனித்து வைத்திருந்தார். மருத்துவர் கேட்கக்கூடிய அத்தனையும் அவரிடம் இருந்தது. அதை அவர் பேசுகிற மொழியில் வாங்கிக்கொள்ளத்தான் உங்களிடம் வழி இல்லை.

சரியான பக்கம் கிடைத்தாலும் பாடு தீராது. இரண்டாம் மொழியில் படிப்பவர் பெரிய சொற்களை அகராதியில் பார்த்துக்கொள்வார். 'அரிதாக', 'இல்லாவிட்டால்' என்கிற சின்னச் சொற்களில்தான் தடுக்கி விழுவார். எது அக்கறையோடு எழுதியது, எது விற்பதற்காக எழுதியது என்று நடையை வைத்தே கண்டுகொள்வதும் தாய்மொழியில்தான் சுலபம்.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: கேள்வியை எங்கள் மொழியில் கேட்க விடுங்கள். பதில் எந்த மொழியில் இருந்தாலும் எடுத்து எங்கள் மொழியில் காட்டுங்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. கேள்வியை மொழிபெயர்த்துப் பிறமொழிப் பக்கங்களில் தேடி, முடிவுகளைக் கேட்டவர் மொழியில் தரும் வசதியைக் கூகுள் 2007-லேயே சில மொழிகளுக்குக் கொண்டுவந்தது. 2011-ல் அதன் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழும் சேர்ந்தது. 2013-ல் அந்தத் தேடல் வசதியையே எடுத்துவிட்டார்கள். பயன்படுத்துவோர் குறைவு என்று காரணம் சொன்னார்கள். தேடல் கருவிகளுக்குள் ஒளிந்து கிடந்ததை, அது யாருக்கு வேண்டுமோ அவர்கள் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்? இப்போதும் சில நேரம் ஓரிரு முடிவுகள் தமிழாகி வருகின்றன. எப்போது வரும் என்பது கேட்பவர் கையில் இல்லை. செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்கம் தமிழில் இருந்தாலும், சரிபார்க்கப் போனால் மூலப் பக்கம் மறுபடியும் ஆங்கிலத்தில்.

விளம்பரத்தை மட்டும் தமிழில் காட்டுகிறீர்கள். எங்களை வாங்க வைக்க எங்கள் மொழிக்கு வருவீர்கள், நாங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள உங்கள் மொழிக்கு வர வேண்டுமா? வருகிறவர்களின் மொழியைக் கணக்கில் எடுக்காமல் உலகத்துக்கே பொதுவான தேடல் என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள்?

கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பணிவோடு கேட்கிறேன். தேடல் பெட்டிக்குப் பக்கத்திலேயே, கண்ணில் படும்படி, எல்லா மொழிகளிலும் தேடுவதற்கு ஒரு பொத்தான் வையுங்கள். முடிவுகளைத் தமிழில் காட்டி, மூலத்தையும் அருகிலேயே கொடுங்கள். மொழிபெயர்ப்பு ஐயமாக இருக்கும் இடத்தில் அதையும் சொல்லிவிடுங்கள். மொத்தமாக முடியாது என்றால், மருந்து, நோய் பற்றிய தேடல்களுக்காவது முதலில் தொடங்குங்கள். எப்போது தருவீர்கள் என்று தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தினமும் உங்கள் வழியாகத் தேடும் ஒருவர்