ஒரே ஒரு டவுட்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ சாப்பிடவே இல்லை. டைனிங் ஹாலில் யாரோ ஒரு பையன் எதிரே லேப்டாப்பை விரித்து, ஒரே ஒரு டவுட் என்றான். என்னைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு 25 நிமிஷம் அவனுக்கு இன்டக்ரேஷன் நடத்தினாய். உன் தட்டில் பாஸ்தா காய்வதை இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலேஜ் டியூட்டரிங் சென்டரில் வேலை கிடைத்ததில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். ஆனால் ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் வருகிற கணக்கெல்லாம் அந்த வேலையில் சேர்த்தியா?

நானும் இதில் அடிபட்டவள்தான். கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது சப் சென்டரிலேயே குடித்தனம். முன்னறையில் டியூட்டி, பின்னறையில் சமையல். “சிஸ்டர், பிரஷர் மட்டும்” என்று யாராவது வராத சாப்பாட்டு வேளை கிடையாது. வலது கையில் ரசம் சாதம் காய, இடது கையால் ஸ்டெத்தை மாட்டுவேன். இல்லையென்று சொல்ல வாய் வராது. இப்படியே இரண்டு வருஷம். ஒருநாள் ராத்திரி கதவு தட்டியதும், திறக்காமலே கத்திவிட்டேன். வெளியே ஒரு கிழவி. பனிக்குடம் உடைந்த மருமகளைத் திண்ணையில் உட்கார வைத்திருந்தாள். பிரசவம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கிழவி அப்புறம் என் வாசலுக்கு வரவே இல்லை. பிரஷர் ஆட்களிடம் முன்பே மெதுவாகச் சொல்லியிருந்தால் அவள் மேல் பாய்ந்திருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான், “காலையில் எட்டு மணிக்கு வாங்க, நிதானமாப் பார்க்கிறேன்” என்று சொல்லப் பழகினேன். முக்கால்வாசிப் பேர் வரவே இல்லை என்பது வேறு கதை. நீயும், “செவ்வாய் நாலு மணிக்கு சென்டரில் இருப்பேன், நோட்டோடு வா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடு. காரணம் சொல்லப் போகாதே, பேரம் ஆரம்பித்துவிடும்.

காசு தருகிறேன் என்றானே ஒருவன், அதைத் தொடவே தொடாதே. அமெரிக்காவில் படிக்கத் தருகிற எஃப்-1 விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேர வேலைதான். வெளியே காசு வாங்கி டியூஷன் எடுப்பது அதில் வராது. மார்க்குக்கான அசைன்மென்ட்டை ரூமில் வைத்துப் பார்த்துக் கொடுக்கவும் வேண்டாம். இரண்டு பேர் விடை ஒன்றாக இருந்தால் உன்னையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

ரூம்மேட் விஷயம் வேறு. உனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள். அவளுக்கு எந்நேரமானாலும் சொல்லிக்கொடு.

அப்பா பருப்புப் பொடி பார்சல் போட்டிருக்கிறார். வந்ததும் சொல்.

அம்மா