கடலைத் தாண்டாத மீன்

அப்பாவுக்கு,

நல்லா இருக்கேன். பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி பக்கத்துலயே ரூம் கிடைச்சிருச்சு, சாப்பாட்டுக்கும் குறையில்ல, அம்மாவ கவலப்பட வேணாம்னு சொல்லுங்க, நாசி கண்டார் கடைல மீன் கறி ஊத்துற ஊத்துக்கு நம்ம வீட்டு பக்கெட்டே பத்தாது.

வீட்டு ஓனர் சீனக்கார அங்கிள், ஹால்ல பெரிய தொட்டி வச்சு ஒரே ஒரு அரோவானா மீன் வளக்குறாரு, அதிர்ஷ்டமாம். செதில் ஒவ்வொண்ணும் பெருசு, ஓரத்துல தங்கக் கோடு, தாடையில ரெண்டு மீசை, வாய் மேல பாத்து இருக்கு. ஆண் மீன்தான் முட்டைய வாயிலயே வச்சு பொரிக்குமாம், பாவம் அதுவரைக்கும் பட்டினி! பக்கத்துல பேராக்ல புக்கிட் மேரா ஏரியில இயற்கையாவே இருந்த மீன் இது.

எனக்கு இதுல என்ன ஆச்சரியம்னா, இது நல்ல தண்ணி மீன், ஆனா மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ மூணுலயும் இருக்கு, நடுவுல கடல். சுமார் 20,000 வருஷம் முன்னாடி பனியுகத்துல கடல் 120 மீட்டர் கீழ இருந்துச்சாம், அப்ப மலாக்கா ஜலசந்தி வெறும் தரை, இந்தப் பக்கத்து ஆறும் சுமத்ரா ஆறும் ஒண்ணா சேர்ந்து அந்தமான் பக்கம் ஓடுச்சு, போர்னியோவோட கப்புவாஸ் ஆறு சுமத்ராவோட கிழக்கு ஆறுகளோட சேர்ந்து தென் சீனக் கடலுக்குப் போச்சு. மீனும் ஆத்தோட போயிருக்கு.

ஆனா இதே பேரினத்துல வேற இனங்க ஆஸ்திரேலியாவுலயும் இருக்கு, அங்கிட்டு போற வழியில ஆழ்கடல், பனியுகத்துலயும் வத்தல. அப்புறம் கல்லுல பதிஞ்ச மீனப் பாருங்க: சீனாவுல ஹூபேல இதே அரோவானா பேரினமே கிடைச்சிருக்கு, சுமார் 5 கோடி வருஷம் பழசு, சுமத்ராவுல படாங் மலைப்பகுதி ஏரிப் படிவத்துல ஒரு சொந்தக்காரன், அமெரிக்காவுல வயோமிங்ல இன்னொருத்தன். செதில்ல வலை மாதிரி கோடு இருக்குறதால உடைஞ்ச துண்டு கிடைச்சாலே இந்தக் குடும்பம்னு தெரிஞ்சிரும். இதவிட பெரிய குழப்பம், இந்தக் குடும்பத்துல சிலது கடல்லயே இருந்திருக்கு, இங்கிலாந்துல லண்டன் களிமண்ணுங்கற பழைய கடல் படிவத்துல கிடைச்சது அப்படித்தான். அப்போ முன்னோர் நீந்தியே வந்துச்சா, இல்ல கண்டம் பிரிஞ்சப்ப அந்தந்த துண்டுலயே தங்குச்சான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, பனியுக ஆத்த மட்டும் சொல்லி முடிச்சுட முடியாதுன்னு எனக்குத் தோணுது.

நம்ம அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல கிடைக்குறது கடல் உயிருங்களோட மிச்சம், 7 கோடி வருஷத்துக்கும் மேல. சுறாப் பல்லு கிடைச்சா தூக்கிப் போட்டுறாதீங்கப்பா, எந்த இடத்துல எடுத்ததுன்னு ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி கூடவே வைங்க, இடம் தெரியாட்டி அந்தக் கல்ல வச்சு எதுவும் சொல்ல முடியாது. பணம் வெள்ளிக்கிழமை அனுப்புறேன், தம்பி ஃபீஸ மொதல்ல கட்டிருங்க.

உங்க மகன்